ஆங்கிலக் கவிதையில் 'டார்க்லிங்' (darkling): சொற்பிறப்பும் தமிழாக்கமும் பற்றி ஓர் உரையாடல்

மாலைக்கருக்கல்

ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1819-இல் எழுதிய 'ஓட் டு எ நைட்டிங்கேல்' என்ற இராப்பாடிக் கவிதையைத் தமிழாக்கும்போது ஆறாம் பத்தியின் முதல் சொல்லே இடிக்கிறது. "டார்க்லிங் ஐ லிசன்" என்று தொடங்குகிறது அந்த அடி. கையகராதிகளில் பார்த்தால் 'இருள்கின்ற', 'இருண்ட', 'மங்கலான' என்று பொருள் தருகிறார்கள். எதைப் போட்டாலும் வாக்கியம் நிற்கவில்லை. "இருண்டபடி கேட்கிறேன்" என்றால் கேட்கிற ஆளே இருண்டு போகிறான். "இருள்கின்ற நான்" என்றால் அதைவிட மோசம்.

இரண்டு கேள்வி. டார்க் என்ற சொல்லோடு 'இங்' சேர்ந்தால் டார்க்கிங் என்றுதானே வரவேண்டும், நடுவில் அந்த 'ல்' எங்கிருந்து வந்தது? அல்லது டக்லிங், டார்லிங் போல இதுவும் சிறுமையோ செல்லமோ குறிக்கும் விகுதியா?

அகரமுதலி

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அந்த 'ல்'லில்தான் எல்லாம் இருக்கிறது.

சொல்லை டார்க்ல் + இங் என்று பிரிக்கக் கூடாது. டார்க் + லிங் என்று பிரிக்க வேண்டும். இந்த 'லிங்' பழைய ஆங்கிலத்தில் இருந்த ஒரு வினையடை விகுதி. 'இந்த நிலையில்', 'இந்தப் பக்கமாக' என்று பொருள் தரும். தமிழில் 'ஆக', 'படி', 'இல்' செய்கிற வேலையை அது செய்தது. அப்படிப் பார்த்தால் டார்க்லிங் என்பதன் முதற்பொருள் 'இருளில்', 'இருளில் இருந்தபடி'. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இந்தச் சொல் எழுத்தில் கிடைக்கிறது. அப்போது அது வினையடை மட்டுமே. பெயருக்கு முன்னால் நிற்கும் அடைமொழியாக ஆனது பிற்பாடு.

இந்த விகுதி ஆங்கிலத்தில் செத்துப்போனதால்தான் நமக்கு மட்டுமல்ல, ஆங்கிலேயருக்கே குழப்பம். ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. ப்ளிண்ட்லிங்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு, குருட்டுத்தனமாக. ரூக்லிங்ஸ் என்றால் மல்லாந்து, பின்புறமாக. பொய்ஷ்லிங்ஸ் என்றால் குப்புற. ப்ளிண்ட்லிங்ஸ் பக்கத்தில் டார்க்லிங்கை வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்று தெரியும்.

டக்லிங், டார்லிங் இவற்றில் இருக்கும் 'லிங்' வேறு. அது பெயரோடோ பண்புச்சொல்லோடோ சேர்ந்து இன்னொரு பெயரை ஆக்குவது. ஓசை ஒன்று, வேலை இரண்டு.

ஏட்டுச்சுருள்

அகரமுதலி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆங்கிலத்தில் அந்த விகுதி முழுதாகச் சாகவில்லை, வேடம் மாற்றிக்கொண்டது. 'தலைகுப்புற' என்று பொருள்தரும் ஹெட்லாங் முன்பு ஹெட்லிங் என்றுதான் இருந்தது. விகுதியின் பொருள் மறந்ததும், 'நீளம்' என்று பொருள்தரும் லாங் தான் அது என்று நினைத்து மாற்றிவிட்டார்கள். சைட்லாங் கதையும் அதுவே.

இன்னொரு கூட்டம் வேறு வழியில் போனது. அதுதான் உங்கள் சொல்லுக்கு நெருக்கம். 'குப்புற விழுந்து' என்ற பொருளில் க்ரவலிங் என்றொரு வினையடை இருந்தது. அதன் கடைசி 'இங்'கை நிகழ்கால விகுதி என்று தவறாகக் கொண்டு, அதை உரித்து எடுத்து, 'காலில் விழுந்து கெஞ்சு' என்ற க்ரவல் வினையை உண்டாக்கினார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஷேக்ஸ்பியரிடம் அது வினையாக வருகிறது. 'பக்கவாட்டில்' என்ற சைட்லிங்கிலிருந்து 'ஒதுங்கி நகர்' என்ற சைடில் பிறந்ததும் இப்படித்தான், 17ஆம் நூற்றாண்டின் கடைசியில். டார்க்லிங்கிலிருந்து 'டார்க்கிள்' என்ற வினை உண்டானது 1800-ஐ ஒட்டி. பைரன் தன் 'டான் ஹுவான்' காவியத்தில் ஸ்பார்க்கிள் என்ற சொல்லுக்கு இயைபாக இந்த டார்க்கிளை வைக்கிறார். பிள்ளை பிறந்து பல நூறு ஆண்டு கழித்துத் தாயைச் செய்த கதை இது.

கரிசல்காடு

இதில் டாக்டர் ஜான்சனை விட்டுவிடக் கூடாது. 1755-இல் வந்த அவருடைய பேரகராதியில் இந்தச் சொல்லுக்கு எழுதிய குறிப்பு அருமையானது. 'டார்க்கிள் என்ற வினையின் எச்சம் போலத் தோன்றுகிறது, ஆனால் அந்த வினையை நான் எங்கும் கண்டதில்லை' என்ற கருத்தில் எழுதுகிறார். அவ்வளவு நூல் படித்தவர் கண்டதில்லை என்றால் காரணம் எளிது, அப்போது அந்த வினையே இல்லை. பொருளை மட்டும் சரியாகத் தருகிறார்: இருளில் இருப்பது, ஒளியின்றி இருப்பது. கூடவே, இது கவிதையில் மட்டும் வழங்கும் சொல் என்கிறார்.

ஆறு ஆண்டுக்கு முன், 1749-இல், அவரே தன் கவிதையில் இதைக் கையாண்டிருக்கிறார். திக்கற்ற மனிதன் விதியின் பெருவெள்ளத்தில் 'டார்க்லிங்' உருண்டு போகத்தான் வேண்டுமா என்று கேட்கிற அடி. அங்கே அது சுத்தமான வினையடை. உருள்கிறான், எப்படி? இருளில். இலக்கணக் குறிப்பில் தடுமாறினாலும் கவிஞனின் காது பிசகவில்லை.

மாலைக்கருக்கல்

மிக்க நன்றி. அப்படியென்றால் கீட்ஸின் அடி 'இருளில் கேட்கிறேன்' என்று ஆகிறது. இவ்வளவு எளிமையாக வைத்தால் கவிதை போய்விடாதா? 'காரிருளில்', 'கும்மிருட்டில்' என்று கொஞ்சம் அழுத்தம் கொடுக்கலாமா?

அகரமுதலி

வேண்டாம். முந்தைய பத்தியைப் பாருங்கள். ஐந்தாம் பத்தியில், காலடியில் என்ன பூக்கள் இருக்கின்றன என்று தெரியவில்லை என்கிறார். கிளைகளில் தொங்கும் மணத்தையும் காண முடியவில்லை. மணம் ஊறிய இருட்டில் ஒவ்வொரு செடியையும் வாசனையால் ஊகிக்கிறார். 'டார்க்னஸ்' என்ற பெயர்ச்சொல்லே அங்கே வந்துவிட்டது. இருட்டின் அடர்த்தியை அங்கேயே கட்டி முடித்துவிட்டார். ஆறாம் பத்தியில் அந்த இருட்டுக்குள் உட்கார்ந்து காதைத் திறக்கிறார். அடர்த்தியை மறுபடி சொன்னால் ஒரே சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்த மாதிரி.

ஓசையையும் கவனியுங்கள். அடியின் முதல் அசையிலேயே அழுத்தம் விழுகிறது, வழக்கம்போல இரண்டாம் அசையில் அல்ல. ஒரு தட்டு தட்டிவிட்டு நிற்கிறது. தமிழிலும் அந்தச் சொல் அடியின் தலையில் வரவேண்டும். "இருளில் இருந்தபடி கேட்கிறேன்" நீளம். "இருளில் கேட்கிறேன்" போதும். 'இருளூடே' என்று போட ஆசை வரும். அப்படிப் போட்டால் ஒலி இருளைத் துளைத்து வருகிறது என்ற பொருள் வந்துவிடும். டார்க்லிங் ஒலியைப் பற்றிப் பேசவில்லை, கேட்பவன் இருக்கும் நிலையைப் பற்றிப் பேசுகிறது.

தாழைமடல்

மில்டனிடமிருந்து தொடங்கினால் கீட்ஸ் ஏன் இந்தச் சொல்லை எடுத்தார் என்பது விளங்கும். 1667-இல் வந்த 'இழந்த சொர்க்கம்', மூன்றாம் காண்டத்தின் தொடக்கம். ஒளியை அழைத்துப் பாடும் பகுதி. மில்டனுக்கு 1652-க்குள் பார்வை முற்றிலும் போய்விட்டது. தன் மனத்தில் சந்தம் தானாக ஊறுவதைச் சொல்லி, உறங்காத பறவை 'சிங்ஸ் டார்க்லிங்', அடர்ந்த மறைவில் ஒளிந்திருந்து தன் இரவுப் பண்ணை இசைப்பது போல என்று உவமை வைக்கிறார். பார்வையற்ற கவிஞனும் இருட்டில் பாடும் பறவையும் அந்த ஒரு சொல்லில் ஒன்றாகிறார்கள். அங்கே போய் 'இருண்ட பறவை' என்று மொழிபெயர்த்தால் உவமையே இடிந்து விழும்.

கீட்ஸ் மில்டனைக் கோடிட்டுக் கோடிட்டுப் படித்தவர், குறிப்பெழுதிய அவர் பிரதியே இருக்கிறது. அவர் செய்த மாற்றம் நுட்பமானது. மில்டனில் டார்க்லிங் பறவையைச் சேர்ந்தது. கீட்ஸில் அது கேட்பவனைச் சேர்ந்தது. பறவை இருந்த இருட்டுக்குள் மனிதன் போய் உட்கார்ந்துவிட்டான்.

இதனால் தமிழில் ஒரு எச்சரிக்கை. நைட்டிங்கேலை 'வானம்பாடி' என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வானம்பாடி பகல் வெளிச்சத்தில் வானில் ஏறிக்கொண்டே பாடும் பறவை, ஆங்கிலத்தில் ஸ்கைலார்க். அதைப் போட்ட கையோடு டார்க்லிங்குக்கு அர்த்தமே இல்லாமல் போகும். 'குயில்' என்றாலும் நம் காதில் விழுவது விடியற்காலையும் மாமரமும்தான். 'இராப்பாடி' என்று வைத்தால் பெயரிலேயே இரவு இருக்கிறது.

நெய்தல்நிலவன்

ஷேக்ஸ்பியர் இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 'லியர் அரசன்' முதல் அங்கம், நான்காம் காட்சி. கோமாளி குயில் குஞ்சை வளர்த்த சிட்டு தலையிழந்ததைச் சொல்லிவிட்டு, மெழுகுவத்தி அணைந்தது, நாம் 'டார்க்லிங்' ஆக விடப்பட்டோம் என்கிறான். இங்கே இலக்கிய வாடையே இல்லை. விளக்கு போச்சு, இருட்டிலே நிக்கிறோம், அவ்வளவுதான். நாடகத்தில் இதைத் தமிழாக்கினால் பேச்சு மொழியில்தான் வைக்க வேண்டும். 'இருளில் ஆழ்த்தப்பட்டோம்' என்று எழுதினால் கோமாளி மேடைப் பேச்சாளன் ஆகிவிடுவான்.

'நடுவேனில் இரவுக் கனவு' இரண்டாம் அங்கத்தில் ஹெலனா, காட்டில் தன்னை விட்டுப் போகிறவனிடம் "டார்க்லிங் என்னை விட்டுப் போவாயா" என்று கேட்கிறாள். இருட்டில் இருப்பது அவளா, போவது இருட்டிலா என்று பிரிக்க முடியாது. தமிழிலும் "இருட்டிலே என்னை விட்டுட்டுப் போறியா?" என்றால் அதே இரட்டை நிலை அப்படியே வந்துவிடுகிறது. வேற்றுமை உருபு இங்கே நமக்குப் பெரிய துணை.

ஸ்காட்லாந்தில் இதே சொல் 'டார்க்லின்ஸ்' என்று வழங்கியிருக்கிறது. பர்ன்ஸ் 1785-இல் எழுதிய 'ஹாலோவீன்' கவிதையில் ஒரு பெண் சூளைக்குப் போய் இருட்டில் தடவித் தடவி விட்டத்தைத் தேடுகிறாள். அந்தத் தடவலுக்கு அடை டார்க்லின்ஸ். 'இருட்டுல துழாவி' என்று நாம் சொல்வது அச்சு அசலாக அதுதான்.

அகரமுதலி

இவற்றை வைத்து ஒரு சோதனை சொல்லலாம். டார்க்லிங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இன் த டார்க்' என்று போட்டுப் படியுங்கள். வாக்கியம் உடையாமல் நின்றால் அது வினையடை. தமிழில் 'இருளில்', 'இருட்டில்'. மில்டன், ஷேக்ஸ்பியரின் கோமாளி, ஹெலனா, ஜான்சன், கீட்ஸ் எல்லாம் இதில் தேறும். உடைந்தால், பின்னால் ஒரு பெயர்ச்சொல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அடைமொழி. எழுவாய் உயிருள்ளதாக இருந்தால் பெரும்பாலும் பழைய பொருள்தான்.

தாழைமடல்

கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை ஐயா. 'ஆண்டனியும் கிளியோபாத்ராவும்' நான்காம் அங்கத்தில், ஆண்டனியைச் சாகும் தறுவாயில் தூக்கி வரும்போது, கதிரவனே நீ சுழலும் கோளத்தையே எரித்துவிடு, உலகின் மாறும் கரை டார்க்லிங் நிற்கட்டும் என்கிறாள் கிளியோபாத்ரா. கரைக்கு உயிரில்லை. ஆனாலும் 'நிற்கட்டும்' என்ற வினையோடுதான் சேர்கிறது. பைரன் 1816-இல் எழுதிய 'இருள்' கவிதையிலும் சூரியன் அவிந்துபோய், விண்மீன்கள் கதிரும் வழியும் இல்லாமல் முடிவற்ற வெளியில் டார்க்லிங் அலைகின்றன. உயிரைப் பார்ப்பதைவிட வினையைப் பார்ப்பது நல்லது. நிற்கிறது, அலைகிறது, உருள்கிறது, பாடுகிறது, கேட்கிறது. பக்கத்தில் இப்படி ஒரு வினை இருந்தால் அதைத்தான் அது தழுவும்.

(பைரனின் அந்தக் கவிதை பிறந்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்த தூசி மறு ஆண்டு வானத்தை மூடியிருந்தது.)

அகரமுதலி

சரிதான். உயிர் என்ற அளவுகோலை விட்டுவிடுகிறேன். வினையைத் தேடுவதே உறுதியான வழி.

கரிசல்காடு

அப்போது பக்கத்தில் வினையே இல்லாத, கவிஞர் மேத்யூ ஆர்னல்டின் அடியை என்ன செய்வது? 1867-இல் வெளிவந்த 'டோவர் கடற்கரை' கடைசிப் பகுதி. நாம் இங்கே ஒரு 'டார்க்லிங் ப்ளெய்ன்' மேல் இருப்பது போல இருக்கிறோம் என்கிறார். சமவெளிக்கு முன்னால் நிற்கிறது, முழு அடைமொழி. டார்க்கிள் என்ற வினையும் அதற்குள் வழக்கில் வந்துவிட்டது. ஆகவே 'இருண்டு வரும் சமவெளி' என்று கொள்ள இலக்கணம் தடை சொல்லாது.

ஆனால் அடுத்த அடிகள் தடை சொல்கின்றன. அறியாப் படைகள் 'இரவில்' மோதுகின்றன என்று கவிதை முடிகிறது. இரவு ஏற்கெனவே வந்தாயிற்று. கி.மு. 413-இல் சிசிலியின் சிராக்கூஸ் நகருக்கு மேலே எப்பிபொலே மேட்டில் ஏதென்சுப் படை இரவில் தாக்கப் போய், நண்பன் யார் எதிரி யார் என்று தெரியாமல் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டதை கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். ஆர்னல்டின் படிமம் அதைத் தொட்டு நிற்பது என்பது பரவலாக ஏற்றுக்கொண்ட கருத்து. அங்கே பொழுது சாயவில்லை. முகம் தெரியாத இருட்டு. 'இருள் கவிகிற வெளி' என்று எழுதினால் அந்திப் பொழுதின் அழகு வந்து உட்கார்ந்து, அந்தக் குழப்பத்தின் பயத்தைக் கரைத்துவிடும். 'இருளில் கிடக்கும் வெளி' என்பேன். 'கிடக்கும்' என்ற ஒரு வினையை நாமே கொடுத்தால் பழைய டார்க்லிங் திரும்பக் கிடைக்கிறது.

வண்டினம்

பூச்சியியல் பக்கமிருந்து ஒரு சான்று. ஆங்கிலத்தில் 'டார்க்லிங் பீட்டில்' என்பது ஒரு வண்டுக் குடும்பத்தின் பெயர். அறிவியற்பெயர் டெனிப்ரியானிடே. லத்தீனில் டெனிப்ரே என்றால் இருள், டெனிப்ரியோ என்றால் வெளிச்சத்துக்கு ஒளிந்து இருட்டை நாடுகிறவன். இருபதாயிரம் இனங்களுக்கு மேல் உண்டு. நிறைய இனங்கள் கறுப்பாக இருப்பதால் 'கறுத்த வண்டு' என்று பொருள் கொள்கிறார்கள். தவறு. நம் வீட்டு அரிசி மாவு, கோதுமை மாவு டப்பாவில் வருகிற மாவு வண்டு இதே குடும்பம்தான். நீளம் 3 முதல் 4 மி.மீ., நிறம் செம்பழுப்பு. டப்பாவைத் திறந்ததும் மாவுக்குள் புதைந்து ஓடுகிறதே, அந்த குணத்துக்குத்தான் டார்க்லிங் என்ற பெயர் பொருந்தும். நிறத்துக்கு அல்ல.

மாலைக்கருக்கல்

அருமை. இதே சாக்கில் தாமஸ் ஹார்டியின் 'த டார்க்லிங் த்ரஷ்' (த்ரஷ் என்றால் பூங்குருவி) என்ற கவிதைத் தலைப்பையும் கேட்டுவிடுகிறேன். இங்கே 'இருண்ட பூங்குருவி', 'மங்கிய பூங்குருவி' என்றெல்லாம் யோசித்தது இப்போது தப்பென்று தெரிகிறது. ஆனால் பொழுது சாயும் நேரம்தானே, 'இருள்கின்ற' என்பதற்கு இடமுண்டா?

நெய்தல்நிலவன்

இடமுண்டு என்பது என் கருத்து. முதல் பத்தியிலேயே பகலின் கண் பலவீனமாகிக்கொண்டு வருகிறது. கடைசியில் பறவை 'வளரும் மங்கலின் மேல்' தன் ஆன்மாவை எறிகிறது. இருட்டு வந்துகொண்டே இருக்கிறது. 'அந்திக் கருக்கலில் பூங்குருவி' என்று வைத்தால் பொழுதும் வரும், இடமும் வரும்.

தாழைமடல்

கருக்கல் அழகான சொல்தான், எனக்கு மறுப்பில்லை. ஆனால் தலைப்பின் வரலாற்றைப் பாருங்கள். 1900 டிசம்பர் 29 அன்று 'தி கிராஃபிக்' இதழில் இந்தக் கவிதை வந்தபோது தலைப்பே வேறு, 'நூற்றாண்டின் மரணப்படுக்கை அருகே' என்ற பொருளில் இருந்தது. 1901-இல் தொகுப்பாக வந்தபோதுதான் இன்று நாம் அறிந்த தலைப்பு. டார்க்லிங் என்ற சொல் கவிதையின் உடலில் ஓரிடத்திலும் இல்லை. தலைப்புக்காகவே தேடி எடுத்து வைத்த சொல். பாடும் பறவைக்கு முன்னால் அதை வைத்தால் ஆங்கில வாசகனுக்கு உடனே மில்டனும் கீட்ஸும் காதில் விழுவார்கள். மில்டனின் பறவை, கீட்ஸின் கேட்பவன், மறுபடி ஹார்டியின் பறவை. அந்தத் தொடர் தமிழிலும் தெரிய வேண்டுமானால் மூன்று இடத்திலும் ஒரே சொல் வரவேண்டும். "இருளில் பாடும்", "இருளில் கேட்கிறேன்", "இருளில் ஒரு பூங்குருவி". 'கருக்கல்' போட்டால் ஹார்டி தனியாக நிற்பார்.

ஏட்டுச்சுருள்

தனிக்கவிதையாக மொழிபெயர்த்தால் நெய்தல்நிலவன் சொல்வது. மூன்றையும் ஒரே தொகுப்பில் போட்டால் தாழைமடல் சொல்வது. இரண்டும் ஒரே இடத்தில் செல்லாது.

இன்னொரு ஓரக் குறிப்பு: ஹார்டியின் 'மங்கல்' ஆங்கிலத்தில் 'க்ளூம்'. அது முதலில் முகத்தைச் சுளிப்பது, கடுகடுப்பது என்று பொருள்தந்த வினை. இருட்டு என்ற பொருள் அதற்கு 17ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாக வருகிறது, 1629-இல் மில்டன் எழுதிய கிறிஸ்து பிறப்புப் பாடலில் அது இருக்கிறது. அந்திப் பொழுதைச் சொல்லும் 'க்ளோமிங்' இதன் உறவு போலத் தோன்றும், ஆனால் அதன் வேர் ஒளிர்வதைச் சொல்லும் 'க்ளோ' பக்கம். இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் தள்ளிவிடாதீர்கள்.

மாலைக்கருக்கல்

என்னுடையது கீட்ஸ் மட்டும்தான், தொகுப்பு இல்லை. ஆறாம் பத்தியின் தொடக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"இருளில் கேட்கிறேன். எத்தனையோ முறை
இதமான சாவின்மேல் பாதி மையல் கொண்டவன் நான்."

அகரமுதலி

'இருளில் கேட்கிறேன்' சரியாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதன் பின்னால் முற்றுப்புள்ளி வேண்டாம். மூலத்தில் அங்கே அரைப்புள்ளியோடு அடி தொடர்கிறது. முற்றுப்புள்ளி வைத்தால் கேட்பது முடிந்துபோகிறது. அவர் பத்தி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.